பேரப்பிள்ளையின் முதல் பறப்பு: எந்த நிமிடமும் திரும்பலாம்

பேரப்பிள்ளையைச் சிறு விமானத்தில் முதன்முதலாக ஏற்றிச் செல்ல என்ன வேண்டும் என்று கேட்டால், நல்ல விமானம், பழகிய விமானி, தெளிந்த வானம் என்று சொல்வோம். மூன்றும் வேண்டியவைதான். ஆனால் மூன்றும் அமைந்தும் கெட்டுப்போகிற முதல் பறப்புகள் உண்டு. காது வலித்து அழுது, வாந்தியெடுத்து, இறங்கியதும் இனி அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று குழந்தை சொல்லிவிடும். தொடங்கிவிட்டோம், முடித்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியைப் பெரியவர்களே முன்கூட்டி உண்டாக்கி வைத்திருப்பதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். நூறு மைல் தள்ளி ஓர் ஊரில் மதியச் சாப்பாடு, அங்கே காத்திருக்கும் அத்தை குடும்பம், வீடியோ எடுக்க வந்த சித்தப்பா, ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லிக் குழந்தையிடம் வளர்த்த ஆசை எல்லாம் சேர்ந்து, திரும்பிவிடலாம் என்று சொல்ல வேண்டிய வாயை அடைத்துவிடும். இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒரே ஒரு கருத்தை. முதல் பறப்பை எந்தக் கட்டத்திலும் கைவிடச் சுலபமானதாக அமைக்க வேண்டும். நாள், நேரம், தூரம், வழி, உடன்வருபவர், குழந்தையிடம் சொல்லும் சொல் என ஒவ்வொன்றையும் இந்த அளவுகோலால் அளந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

இங்கே பேசப்படுவது அமெரிக்கச் சூழல். அங்கே சிற்றூர்களில்கூட ஒரு சிறு விமான நிலையம் இருக்கும். ஓய்வுபெற்ற பிறகும் உரிமத்தைக் கைவிடாமல் வாரக் கடைசியில் பறக்கும் தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்கப் போய்ச் சில மாதம் தங்கும் நம்மூர்ப் பெரியவர்கள், பறப்புப் பள்ளி ஒன்றில் பணம் கட்டிப் பேரப்பிள்ளையோடு பயணியாக ஏறுவதும் நடக்கக்கூடியதே. சிறு விமானம் என்றால் பெரும்பாலும் செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கை விமானம். 1956 முதல் விற்பனையில் உள்ள அந்த ஒரு வகையில் மட்டும் 44,000க்கு மேல் செய்யப்பட்டிருக்கின்றன. இதன் அறையில் காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ஏற்பாடு கிடையாது, கழிப்பறை கிடையாது, எஞ்சினின் இரைச்சலுக்கும் நமக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர்தான். பெரிய விமானத்தில் இருபது முறை பறந்த குழந்தைக்கும் இது புது அனுபவம் என்பதைப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கைவிட முடியாத பறப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1996 ஏப்ரல் 11 அன்று வயோமிங் மாநிலத்தின் ஷையன் நகரில் நடந்த விபத்தைவிடத் தெளிவான சான்று வேறில்லை. 7 வயதுச் சிறுமி ஒருத்தி, தந்தையும் பயிற்சியாளரும் உடன் வர, கலிபோர்னியாவிலிருந்து கிழக்குக் கரைவரை பறந்து திரும்பப் புறப்பட்டிருந்தாள். சாதனை முயற்சி என்று நாடு முழுக்கத் தொலைக்காட்சிகள் பின்தொடர்ந்தன. இரண்டாம் நாள் காலை ஷையனில் இடிமழை நெருங்கிக்கொண்டிருந்தது; காற்று சுழன்றடித்தது; கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உள்ள அந்த நிலையத்தில் காற்றின் அடர்த்தி குறைவு; விமானத்தில் அனுமதிக்கப்பட்டதைவிட எடை அதிகம். ஏறிய சற்று நேரத்தில் விமானம் விழுந்து மூவரும் இறந்தனர். மோசமாகிக்கொண்டிருந்த வானிலையில் புறப்பட முடிவெடுத்ததே காரணம் என்று விசாரணை செய்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தீர்மானித்தது. ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்குகளும் சேர்ந்து இறுக்கிய, அளவுக்கு மீறிய பயணத் திட்டத்தை விடாமல் பிடித்திருந்த ஆசையைத் துணைக் காரணமாகச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது: சாதனைக்காகவோ போட்டிக்காகவோ நடக்கும் பறப்பில் உரிமம் இல்லாதவர் கையில் கட்டுப்பாட்டைக் கொடுக்கக் கூடாது.

நாம் எந்தச் சாதனைக்கும் போகவில்லை, ஊரைச் சுற்றிக் காட்டத்தானே போகிறோம் என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த விபத்தின் வேர் சாதனையில் இல்லை. வாக்குக் கொடுத்துவிட்டோம் என்ற எண்ணத்தில் இருக்கிறது. அது நம் வீடுகளில் தாராளமாக உண்டு. பேரன் ஒரு வாரம்தான் இருப்பான், ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறான், சனிக்கிழமையை விட்டால் அடுத்த கோடைதான் என்பதும் ஒரு பயணத் திட்டம்தானே? அமெரிக்க விமானிகளுக்குப் புறப்படும் முன் சரிபார்க்கக் கற்றுத்தரும் நான்கு தலைப்புகளில் விமானி, விமானம், சூழல் ஆகியவற்றோடு வெளியிலிருந்து வரும் நெருக்குதலும் ஒரு தனித் தலைப்பாகவே வைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் எண்ணெயைப் பார்ப்பது போலவே இதையும் பார்க்க வேண்டும் என்பதே பொருள். நெருக்குதலில் பெரியது குழந்தையின் எதிர்பார்ப்பு. அதை உண்டாக்குபவர்கள் நாம். ஆகவே குறைக்கவும் நம்மால் முடியும். நாளைக்குப் பறக்கப்போகிறோம் என்று சொல்லாதீர்கள். நாளைக்கு விமான நிலையத்துக்குப் போகிறோம், விமானங்களைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம், அங்கே காலை உணவு சாப்பிடலாம் என்று சொல்லுங்கள். பறப்பு அந்தக் காலையின் ஒரு பகுதியாக வந்தால் வரட்டும். வராமல் போனாலும் குழந்தை ஏமாறாது. நாமும் மேகத்தைப் பார்த்து மனத்தோடு பேரம் பேச மாட்டோம். கூடவே, எவ்வளவு காற்றடித்தால் போக மாட்டோம், மேகம் எவ்வளவு தாழ இருந்தால் போக மாட்டோம் என்பதை முந்தின இரவே ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். காலையில் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுதும் எல்லை, எல்லையாக நிற்காது. சாதாரணமாக 15 நாட் (மணிக்கு 15 கடல்மைல்) காற்றில் தயங்காமல் பறப்பவர்கூட இந்த ஒரு நாளைக்கு 8 நாட், வீச்சுக்காற்று அறவே இல்லை என்று எழுதிக்கொள்வது நல்லது.

சிறு விமானமே ஆபத்து, அதில் குழந்தையை ஏற்றுவானேன் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அமெரிக்காவில் தனியார் சிறு விமானங்கள் பறக்கும் ஒவ்வொரு லட்சம் மணி நேரத்துக்கும் ஏறத்தாழ ஓர் உயிர்ப்பலி விபத்து நடக்கிறது. பயணியர் விமானச் சேவையோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். இதை மறைத்துப் பெற்றோரிடம் சம்மதம் வாங்குவது தவறு. ஆனால் இந்த விபத்துகளில் பெரும்பகுதி விமானியின் முடிவாலும் கைப்பிழையாலும் நேர்பவை. மேகத்துக்குள் மாட்டிக்கொள்வது, எரிபொருள் தீர்வது, தாழப் பறப்பது, இருட்டில் பறப்பது, எடையை மீறி ஏற்றுவது ஆகியவை தவிர்க்கக்கூடிய அபாயங்கள்; பகலில், தெளிந்த வானத்தில், ஊர் நிலையத்தைச் சுற்றியே 20 நிமிடம் பறப்பவர் இவற்றில் பலவற்றை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார். அப்படியும் அபாயம் பூஜ்யம் ஆகிவிடாது. அதனால் தாய், தந்தை இருவரும் மனமொப்பிச் சரி என்று சொன்ன பிறகே குழந்தையை ஏற்ற வேண்டும். மகன் சம்மதித்துவிட்டான், மருமகளுக்குத்தான் பயம், போய் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது பறப்புக்கும் கேடு, குடும்பத்துக்கும் கேடு. பெற்றோரில் ஒருவர் வேண்டாம் என்றால் அன்றைக்கு அதுவே முடிவு.

விமானியே தாத்தாவாகவோ பாட்டியாகவோ இருந்தால், தன்னைப் பற்றிய கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். பயணியை ஏற்ற, கடந்த 90 நாளுக்குள் அதே வகை விமானத்தில் மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கியிருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. இது குறைந்தபட்சம். எட்டு வாரத்துக்கு முன் மூன்று முறை இறங்கியவர் விதிப்படி தகுதியானவர். ஆனால் கை பழகியவரா என்பது வேறு விஷயம். குழந்தை வருவதற்கு இரண்டொரு நாள் முன்பு அதே விமானத்தில், அதே நேரத்தில், அதே வழியில் ஒருமுறை தனியாகவோ பயிற்சியாளரோடோ பறந்து வாருங்கள். எந்த ஏரியின் மேல் காற்று குலுக்குகிறது, எங்கிருந்து திரும்பினால் எத்தனை நிமிடத்தில் ஓடுபாதைக்கு வரலாம் என்பதெல்லாம் அப்போது கைவசமாகும்.

இனி குழந்தையின் உடம்பு. பறப்பு ஏன் குறுகியதாக, ஏன் காலையில், ஏன் மெதுவாக என்ற மூன்றுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் சிறு குழந்தைகளுக்குக் குறுகலாகவும் சாய்வு குறைந்தும் இருக்கும். இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடக் கூட, அது எளிதில் திறக்காது. ஏறும்போது சிரித்துக்கொண்டிருந்த குழந்தை இறங்கும்போது காதைப் பிடித்துக்கொண்டு அழுவது இதனால்தான். சளி இருந்தால் குழாய் மேலும் அடைபடும். ஆகவே மூக்கொழுகும் குழந்தைக்கு அன்று பறப்பு இல்லை. எவ்வளவு கெஞ்சினாலும் இல்லை. நலமாக இருக்கும் குழந்தைக்கும் நிமிடத்துக்கு 300 அடிக்கு மேல் உயரம் குறையாதபடி இறங்க வேண்டும். ஸ்ட்ராவில் பழச்சாறு உறிஞ்சக் கொடுத்தால் விழுங்க விழுங்கக் காது திறக்கும். ஓடுபாதைக்கு மேல் 2,000 அடியில் பறந்துகொண்டிருப்பவர் இப்படி இறங்க ஏழு நிமிடம் வேண்டும். 6,000 அடியில் இருப்பவருக்கு இருபது நிமிடம். குழந்தை அழ ஆரம்பித்த பிறகு அந்த இருபது நிமிடம் மிக நீளமானது. காட்சி நன்றாக இருக்கிறதே என்று உயரப் போகாமல் இருப்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

குமட்டலும் இப்படித்தான். உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு அசைவை உணர்கிறது. கண்ணோ அசையாத அறையின் உள்பக்கத்தைப் பார்க்கிறது. இரண்டு செய்தியும் ஒத்துப்போகாதபோது வயிறு புரள்கிறது. இரண்டு வயதுக்குள் இது அரிது. அதற்கு மேல் சுமார் பன்னிரண்டு வயதுவரை மிகுதி. நாம் பேரப்பிள்ளையைக் கூட்டிப்போக நினைப்பது சரியாக அந்த வயதில்தான். கையில் டேப்லெட்டோ படப் புத்தகமோ கொடுத்தால் நிலைமை மோசமாகும். தொடுவானத்தைப் பார்க்கச் செய்தால், முகத்தில் குளிர்காற்று படும்படி வைத்தால் குறையும். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது. ஒரு மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லியோ ஒரு துண்டு ரொட்டியோ போதும். மருந்து கொடுப்பது குழந்தை மருத்துவரின் வேலை. ஆனால் இவை எல்லாவற்றையும்விடக் குமட்டலைத் தடுப்பது அசையாத காற்று. வெயில் ஏற ஏற, கரிய வயலும் தார்ச்சாலையும் ஒரு விதமாகவும், ஏரியும் காடும் வேறு விதமாகவும் சூடாகின்றன. சூடான இடத்துக் காற்று உலைநீர் கொதிப்பது போலக் குமிழ் குமிழாக மேலே கிளம்புகிறது. கோடையில் காலை பத்து, பதினொரு மணிக்குள் இது தொடங்கிவிடும். பஞ்சுப் பொதி போன்ற மேகங்கள் திரளத் தொடங்கினால் கீழே குலுக்கல் நிச்சயம். சூரியன் உதித்து ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் பறப்பதே சிறந்தது. அந்நேரம் மூடுபனி இருந்தால் அது விலகும்வரை காத்திருக்கலாம். விலகுவதற்குள் வெயில் ஏறிவிட்டால் காலை உணவோடு வீடு திரும்பலாம். மாலையில் வெயில் தாழ்ந்த பிறகும் காற்று அடங்கும். ஆனால் நாள் முழுக்க விளையாடிக் களைத்த குழந்தை அப்போது நல்ல பயணி அல்ல.

இதற்கெல்லாம் இருபதே நிமிடமா, நிலையத்துக்குக் காரில் போவதற்கே அதைவிட நேரமாகுமே என்று தோன்றும். விமானத்தை வாடகைக்கு எடுப்பவருக்குச் செலவும் உறுத்தும். இதற்குப் பதில் சொல்லத் தகுந்த அனுபவம் ஒன்று இருக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்கோஷ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இ.ஏ.ஏ. என்ற விமான ஆர்வலர் சங்கம் 1992இல் 'யங் ஈகிள்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 8 முதல் 17 வயதுவரை உள்ளவர்களைத் தன்னார்வ விமானிகள் பெற்றோர் சம்மதத்தோடு இலவசமாக ஏற்றிச் செல்கிறார்கள். ரைட் சகோதரர்களின் முதல் பறப்புக்கு நூறாவது ஆண்டான 2003க்குள் பத்து லட்சம் பேரை ஏற்றுவது என்று குறிவைத்து, ஏற்றியும் காட்டினார்கள். இன்று அந்த எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. முதல் பறப்பைப் பற்றி இவ்வளவு பரந்த அனுபவம் உள்ள வேறு அமைப்பு எனக்குத் தெரியவில்லை. அவர்கள் ஒரு குழந்தைக்குப் பெரும்பாலும் ஒதுக்கும் நேரம் 15 முதல் 20 நிமிடம். மெதுவாக 100 நாட் வேகத்தில் பறந்தாலும் 20 நிமிடத்தில் 60 கிலோமீட்டர் கடந்துவிடலாம். தன் பள்ளி, தன் வீட்டுத் தெரு, நீந்தப் போகும் ஏரி எல்லாவற்றையும் குழந்தை மேலிருந்து பார்த்துவிடும். அதற்குள் சிறுநீர் கழிக்க வேண்டும் என்ற அவசரமும் வராது. எட்டு வயது என்ற கீழ்வரம்பும் கவனிக்கத் தக்கது. அந்த வயதில்தான் குழந்தை தன் உடம்பில் நடப்பதைச் சொல்லில் சொல்லும். சொன்னால் விழுங்கிக் காதைத் திறந்துகொள்ளும். பெரியவர்களின் பெல்ட்டும் ஓரளவு பொருந்த ஆரம்பிக்கும். நான்கைந்து வயதில் ஏற்றுவது கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குக் கார் சீட்டும், பக்கத்தில் ஒரு பெரியவரும் கட்டாயம். இரண்டு வயதுக்கு உட்பட்டதை மடியில் வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. கையால் இறுகப் பிடித்திருந்தாலும் ஒரு பலத்த குலுக்கலில் குழந்தையைப் பிடித்து நிறுத்த எவராலும் முடியாது. அந்தச் சலுகையைப் பயன்படுத்தாதீர்கள்.

வழியைப் பொறுத்தவரை, புறப்பட்ட நிலையத்தை நடுவில் வைத்துச் சுற்றுவதே சரி. எந்த இடத்தில் குழந்தை போதும் என்றாலும் ஐந்தாறு நிமிடத்தில் இறங்க ஆரம்பிக்க முடிய வேண்டும். வேறு ஊரில் போய் இறங்கும் பயணத்தில் பாதி வழிக்குப் பிறகு திரும்புவதும் ஒன்றுதான், போய்ச் சேர்வதும் ஒன்றுதான். கைவிடும் வாய்ப்பே அங்கே இல்லை. வீட்டின் மேல் பறக்கும்போது ஒரு தனி எச்சரிக்கை வேண்டும். கீழே பாட்டி முற்றத்தில் நின்று துணியை வீசிக்கொண்டிருப்பார். குழந்தை எங்கே எங்கே என்று கேட்கும். விமானி இன்னும் கொஞ்சம் தாழ்ந்து, இன்னும் கொஞ்சம் சாய்த்து வட்டமடிப்பார். கண் தரையில் இருக்க, வேகம் குறைவது தெரியாமல், இறக்கை தூக்குவிசையை இழந்து விழும் விபத்து விமானிகளுக்கு நன்கு தெரிந்த பழைய விபத்து. குடியிருப்புகளுக்கு மேல் சுற்றிலும் உள்ள மிக உயர்ந்த தடையைவிட 1,000 அடி மேலே பறக்க வேண்டும் என்பது விதி. குழந்தையோடு 2,000 அடிக்குக் கீழே போக எந்தத் தேவையும் இல்லை. வீட்டைப் பக்கவாட்டில் வைத்து நேராக ஒருமுறை கடந்து போனால் போதும். குழந்தை தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

குழந்தையை எந்த இருக்கையில் வைப்பது என்பதற்குப் பெல்ட்டுதான் விடை சொல்லும். முன் இருக்கைகளுக்குத் தோள் பெல்ட் கட்டாயமானது 1978 ஜூலைக்குப் பிறகு செய்த விமானங்களில். எல்லா இருக்கைகளுக்கும் கட்டாயமானது 1986 டிசம்பருக்குப் பிறகு செய்தவற்றில். வாடகைக்குக் கிடைக்கும் விமானங்களில் பல அதற்கு முந்தியவை. பின் இருக்கையில் இடுப்புப் பட்டை மட்டும் இருந்தால் அங்கே கார் சீட் பொருந்துமா என்று முன்கூட்டியே வைத்துப் பார்க்க வேண்டும். விமானத்திலும் பயன்படுத்தலாம் என்று அந்த சீட்டின் முத்திரையில் எழுதியிருக்க வேண்டும். வெளியே தெரியட்டும் என்று மெத்தென்ற தலையணையைப் போட்டு உயர்த்தினால், அது அழுந்தும்போது பெல்ட் தளரும். செஸ்னா போல இறக்கை மேலே உள்ள விமானத்தில் கீழே பார்ப்பது எளிது, நிழலும் உண்டு. பைப்பர் செரோக்கி போல இறக்கை கீழே உள்ளதில் குழந்தைக்கு இறக்கைதான் தெரியும், கதவும் ஒரு பக்கம்தான். தேர்ந்தெடுக்க முடிந்தால் முன்னதைத் தேர்ந்தெடுங்கள். எடைக் கணக்கைக் குழந்தைதானே என்று விடக் கூடாது. செஸ்னா 172இல் எரிபொருளை முழுக்க நிரப்பினால் ஆட்களுக்கும் பைகளுக்கும் மிஞ்சுவது சுமார் 250 கிலோ. விமானத்துக்கு விமானம் இது மாறும். குடும்பமே ஏறிக்கொள்ள ஆசைப்பட்டால் இந்த எண்ணைச் சொல்லி மறுக்கலாம்.

தரையில் கழியும் நேரத்தைத்தான் பலரும் அவசரப்படுத்துகிறார்கள். என் கருத்தில் அதுவே பாதிப் பறப்பு. முதலில் புரொப்பெல்லரைப் பற்றிய கண்டிப்பு: நின்றுகொண்டிருக்கும் புரொப்பெல்லரும் சுழலக்கூடியது என்றே கொள்ள வேண்டும், எரியூட்டலை அணைத்து வைக்கும் கம்பி ஒன்று அறுந்திருந்தால், கை பட்டாலே எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றலாம். எஞ்சின் ஓடும்போது குழந்தையை ஏற்றவோ இறக்கவோ கூடவே கூடாது. இறங்கியதும் கீழே நிற்கும் அம்மாவை நோக்கி ஓடுவது குழந்தையின் இயல்பு. அதனால் கதவைத் திறப்பதற்கு முன்பே யார் கையைப் பிடிப்பது என்று பேசி வைத்திருக்க வேண்டும். எரிபொருளைக் குப்பியில் எடுத்துப் பார்க்கும்போது அதன் நீல நிறத்தைக் குழந்தைக்குக் காட்டலாம். ஆனால் அதில் ஈயம் கலந்திருப்பதால் குப்பியைக் கையில் கொடுக்கக் கூடாது. செக்லிஸ்டை வாசிக்கும் வேலையைக் கொடுங்கள். எட்டு வயதுக் குழந்தை அதைப் பெருமையோடு செய்யும். உருளும் பொம்மை, தண்ணீர் பாட்டில் எதுவும் முன் இருக்கையில் வேண்டாம். அவை மிதிகளுக்குக் கீழே போய்ச் சிக்கும். குளிர்காலமானால், அறையைச் சூடாக்கும் காற்று புகைப்போக்கியைச் சுற்றி வருவதால் கார்பன் மோனாக்சைடு கசியக்கூடும். அதைக் காட்டும் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். பிறகு ஒலிகள். அறைக்குள் இரைச்சல் 90 டெசிபல் அளவில் இருக்கும். பெரியவர்களின் ஹெட்செட் சின்னத் தலையில் தாடையோரம் இடைவெளி விடும். குழந்தைகளுக்கென்று உள்ள சிறிய ஹெட்செட்டை வாங்கி இரண்டு நாள் வீட்டிலேயே மாட்டிப் பழக்குவது நல்லது. மேலே போய் எஞ்சினின் வேகத்தைக் குறைக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டதோ என்று குழந்தை நினைக்கும். இறங்கும் கடைசி நொடியில் எச்சரிக்கை ஊதல் ஒன்று கேட்கலாம். இவற்றை முன்பே சொல்லி, முடிந்தால் வாயால் ஊதிக் காட்டிவிட்டால், மேலே அவை பயமுறுத்தாது. நீ சொன்ன சத்தம் வந்துவிட்டது என்று குழந்தையே சொல்லும்.

இந்த முன்னேற்பாடுகளின் சாரம், நிறுத்தச் சொல்லும் உரிமையைக் குழந்தையின் கையில் கொடுப்பது. எப்போது வேண்டுமானாலும் போதும் என்று சொல்லலாம், சொன்னால் உடனே திரும்புவோம், யாரும் வருத்தப்பட மாட்டோம் என்று தரையிலேயே சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னால் குழந்தை வீணாகத் திரும்பச் சொல்லுமே என்பது சிலர் கவலை. திரும்பச் சொன்னால் திரும்புவதுதான். அதில் இழப்பு ஒன்றும் இல்லை. ஏறி ஐந்தே நிமிடத்தில் இறங்கிய குழந்தை, பெரியவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குகிறது. அடுத்த முறை ஏறத் துணிவு அதிலிருந்துதான் வரும். வாய்விட்டுச் சொல்லாத குழந்தைகளும் உண்டு. தாத்தா ஆசையாகக் கூட்டிவந்திருக்கிறாரே என்று அடக்கிக்கொள்ளும். ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது மௌனமானால், கொட்டாவி விட்டால், முகம் வெளுத்தால், நெற்றியில் வியர்த்தால் கேட்டுக்கொண்டிருக்காமல் திரும்ப வேண்டும். இதையெல்லாம் கவனிக்க விமானியால் முடியாது. எனவே குழந்தையை நன்கறிந்த இன்னொரு பெரியவர் விமானத்தில் இருப்பதைச் சிறிய குழந்தைகளுக்கு நான் நிபந்தனையாகவே சொல்வேன். பயணியர் விமானங்களில் 10,000 அடிக்குக் கீழே விமானிகள் வேலைக்குச் சம்பந்தமில்லாத எதையும் பேசக் கூடாது என்ற விதி 1981 முதல் இருக்கிறது. அதை இரவல் வாங்கி, ஏறும்போதும் இறங்கும்போதும் அமைதி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவசரமென்றால் கையைத் தூக்க வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

குழந்தைகளுக்குத் த்ரில் பிடிக்குமே, ரோலர் கோஸ்டரில் கத்தி மகிழ்கிற பிள்ளைக்கு ஒரு கூர்மையான திருப்பம், வயிறு தூக்கிப்போடும் ஒரு சரிவு காட்டினால் என்ன என்பார்கள். ரோலர் கோஸ்டரில் தண்டவாளம் கண்ணுக்குத் தெரிகிறது, எப்போது முடியும் என்பதும் தெரிகிறது. வானத்தில் இரண்டும் தெரியாது. யங் ஈகிள்ஸ் பறப்புகளில் சாகசங்களுக்கு இடமே இல்லை. பதினைந்து, இருபது பாகைக்கு மேல் சாய்க்காமல், திரும்புவதற்கு முன் எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். நேராகப் பறக்கும்போது, முன் இருக்கையில் உள்ள குழந்தை விமானத்தை ஓட்டும் சக்கரத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்க்கலாம். விமானியின் கை தன் சக்கரத்தை விடக் கூடாது. அவ்வளவே பெரிய த்ரில்.

உரிமம் இல்லாத பெரியவர்கள் பறப்புப் பள்ளியின் அறிமுகப் பறப்பையோ, முறையாக நடக்கும் சுற்றிக் காட்டும் பறப்பையோ நாடலாம். தெரிந்தவர் ஒருவர் தன் விமானத்தில் கூட்டிப்போகிறேன், இத்தனை டாலர் கொடுங்கள் என்றால் ஒதுங்கிவிடுங்கள். தனியார் விமானி உரிமம் உள்ளவர் எரிபொருள், வாடகை போன்ற செலவைப் பயணிகளோடு சரிசமமாகப் பகிரலாமே தவிரக் கட்டணம் வாங்கக் கூடாது. பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு: வானிலையால் நின்றால் பணம் திரும்புமா அல்லது நாள் மாற்றித் தருவார்களா, பாதியில் திரும்பச் சொன்னால் விமானி தயங்காமல் திரும்புவாரா, பின் இருக்கையில் தோள் பெல்ட் உண்டா, குழந்தைக்கான ஹெட்செட் உண்டா. கட்டிய பணம் திரும்பாது என்கிற இடத்தில் முதல் பறப்பை வைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பணமே நம்மை வானத்துக்குத் தள்ளும்.

இறங்கிய பிறகு குழந்தையை நிற்க வைத்துப் பிடித்ததா, மறுபடி போகலாமா என்று கேட்காதீர்கள். பிடித்தது என்றுதான் சொல்லும். ஒரு சின்ன நோட்டில் தேதி, விமானத்தின் எண், எத்தனை நிமிடம், என்ன பார்த்தது என்று அதன் கையாலேயே எழுதவிடுங்கள். அன்றைக்கே இரண்டாவது சுற்று வேண்டாம். அடுத்த பறப்பை அதுவே கேட்கும்வரை, அது மாதக்கணக்கானாலும், பேச்செடுக்காமல் இருங்கள். அமெரிக்காவில் கிளைடரைத் தனியாக ஓட்ட 14 வயது ஆக வேண்டும். எஞ்சின் விமானத்தைத் தனியாக ஓட்ட 16, உரிமம் பெற 17. எட்டு வயதுப் பிள்ளைக்கு நாள் நிறைய இருக்கிறது.